மூடியைத் திறந்தவன்

…இடுப்பு ஆழம் வேண்டாம், முழங்கால் வரைக்கும் போதும் என்று வசந்தாவிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஒரு அலை வந்து தட்டினால் நிற்க மாட்டாள், ஆறு மாதமாக அவளுடைய வலது முழங்கால் அவள் சொல்வதைக் கேட்பதில்லை, அதற்காகத்தானே இந்த வருஷம் தன்னையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், ‘எனக்கு ஒரு கை வேணுங்க, நீங்க சாமி கும்புடக்கூட வேணாம், என் கையப் புடிச்சிக்கினு தண்ணியில நின்னா போதும்’ என்று நேற்றே சொல்லிவிட்டாள், அதற்கு என்ன பதில் சொல்வது, ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் இன்றைக்கு வாட்ச்மேன் வேலைக்கு மாற்று ஆள் கிடையாது என்று பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை, கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் தன்னிடம் கேட்டதே கொஞ்சம். மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் இவ்வளவு கூட்டம் வரும் என்பதையே சாமிக்கண்ணு மறந்து போயிருந்தார். சுனாமி வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, போன மாசிமகத்தில் கடலைப் பார்த்து ஒதுங்கி நின்ற ஜனமெல்லாம் இந்த வருஷம் சேர்த்து வைத்து வந்துவிட்டது போலிருக்கிறது, கரும்புச் சாறு, பலூன், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள், டிராக்டர்களில் வரிசையாக ஊர் ஊராகச் சாமிகள்… எல்லாச் சாமியும் கடலுக்கு வரும் நாளில் ஒரு ஆள் எந்தப் பக்கம்தான் திரும்பி நிற்பது? பெருமாளுக்கு முதுகைக் காட்டினால் முருகன் எதிரே வருகிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தார் ரோட்டில் ஒட்டிக் கிடந்த சாமந்தி இதழ்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

இருபத்தோரு வருஷம். கோயில் வாசலைத் தாண்டி உள்ளே போய் இருபத்தோரு வருஷம். முதலில் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார், ஷிப்டு, காய்ச்சல், பங்காளி வீட்டில் சாவுத் தீட்டு… அப்புறம் காரணம் கேட்பதையே வசந்தா விட்டுவிட்டாள். மில்லில் யூனியன்காரர்களோடு சேர்ந்து இவருக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் அவளே சொல்லி வைத்தாள், அது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது, நம்பிக்கை இல்லாதவன் என்றால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நம்பிக்கை இல்லாமலா? நம்பிக்கை இல்லாதவனுக்குப் பயம் ஏன் வருகிறது, தெரு முனையில் திரௌபதியம்மன் கோயில் மணி அடித்தால் நெஞ்சுக்குள் ஏன் குளிர்கிறது, மகன் செம்மலுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொள்ளாமல், மாமன் இருக்கிறார் பார்த்துக்கொள்வார் என்று வெளியே வேப்ப மரத்தடியில் ஏன் நின்றுகொண்டிருந்தார்… நம்பிக்கை இல்லாமல் இல்லை. அம்மன் உள்ளே இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் உள்ளே போக முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது?

“தோ, நம்ம தெரு அம்மன் வந்துட்டா!” என்று வசந்தா கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி மணலுக்குள் இறங்காது, ரோட்டு ஓரத்திலேயே நின்றுவிட்டது, இனிமேல் பந்தல் வரைக்கும் அம்மனைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும், பம்பைக்காரர்கள் இறங்கி நின்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அடி… அதே அடி. தீமிதிக்கு அடிக்கிற அடி. சாமிக்கண்ணுக்கு உள்ளங்கால் இரண்டும் கூசின.

ஒரு கொப்புளம்கூட இல்லை அன்றைக்கு. எண்பத்தைந்தாம் வருஷம், வைகாசி மாதம், பத்து நாள் காப்புக் கட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்காமல் வெறுந்தரையில் தூக்கம், மில்லில் வேலை. அப்போது அவர் ஸ்பின்னிங் பகுதியில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுபவர், ஒவ்வொரு மெஷினின் தலைமாட்டிலும் பல்சக்கரங்கள், அதன் மேல் ஒரு இரும்பு மூடி, மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு எண்ணெய் விட்டு மறுபடி மாட்ட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. கடைசி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், யாரோ வாசலில் இருந்து, ‘டேய் சாமிக்கண்ணு, கரகம் கெளம்பிடுச்சாம், நீ இன்னும் இங்க நிக்கிற?’ என்றார்கள், மஞ்சள் கட்டிய மணிக்கட்டைப் பார்த்தார், ஓடினார். ஓடியது சாமிக்குத்தானே? சாராயக் கடைக்கு ஓடவில்லை, சினிமாவுக்கு ஓடவில்லை, அவளுக்காகத்தான் ஓடினார். மூடி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு, மூன்று நடையில் குழியைத் தாண்டிப் பால் குழியில் கால் வைத்தபோது நெருப்பு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது, ஜனங்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள், சுத்தமான மனசு, அதான் சுடலை என்று பூசாரி சொன்னார். அதே ஆறு மணிக்கு, மில்லில், இரண்டாவது ஷிப்டுக்கு வந்த பக்கிரி, எப்போதும் செய்வது போல மெஷினின் தலைமாட்டில் படிந்த பஞ்சுத் தூசியைத் துணியால் துடைக்கப் பார்க்காமலே கையை விட்டிருக்கிறான். பார்க்க வேண்டிய அவசியம் என்ன, அங்கே எப்போதும் மூடி இருக்கும்.

மூன்று விரல்கள். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின.

அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது மறதி, மறதிக்கு யாரும் நரகத்துக்குப் போவதில்லை… மறுநாள் காலையில் ஆபீஸ் அறையில் வைத்துக் கேட்டபோதுதான். மூடியைத் திறந்தது யார்? வேலை நிரந்தரமாகிற லிஸ்டில் அந்த மாதம் பெயர் வந்திருந்தது, வசந்தா வயிற்றில் செம்மல் ஏழு மாதம், நாக்கு ஒட்டிக்கொண்டது, அப்புறம் நாக்கு தானாகவே பிரிந்து சொன்னது, ‘நான் மூடிட்டுத்தான் போனேன் சார். அவருதான் தொறந்து தொடச்சிருக்கணும்.’ ஒரே ஒரு வாக்கியம். குடித்திருந்தானா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாததையும் பதிலாக எழுதிக்கொண்டார்கள். அவன் பக்கிரி இல்லையா, பக்கத்துத் தெரு பக்கிரி, தீமிதிக்குச் சேர்ந்து காப்புக் கட்டுகிறவன், ஷிப்டு மாறியதால் அந்த வருஷம் மட்டும் கட்டாதவன், அவன் மனைவி அஞ்சலாட்சி ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்… கையெழுத்துப் போட்டார். பக்கிரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதினைந்து வருஷம் போய் மில்லையே மூடினார்கள், எல்லோரும் வெளியே வந்தார்கள், ஆனால் எல்லோரும் வெளியே வருவதும் ஒருவன் மட்டும் தள்ளப்படுவதும் ஒன்றா?

கால் சுட்டிருந்தால் பரவாயில்லை. இருபத்தோரு வருஷமாக இதைத்தான் நினைக்கிறார். சுட்டிருக்க வேண்டாமா? அவன் கை அரைபடுகிற அதே நிமிஷத்தில் இவர் காலடியில் அம்மன் பூவை விரித்தாளே, அது என்ன விளையாட்டு, அது கேலி இல்லாமல் வேறென்ன… அந்தக் கேலியைத் தாங்க முடியாமல்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கிரியின் முகத்தையும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் அவன் டோக்கன் கொடுக்கிறான் என்று தெரிந்ததும் அந்த ரோட்டையே விட்டுவிட்டார். ஒருமுறை மட்டும், மூன்று வருஷத்துக்கு முன்னால், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவன் நிமிர்ந்து பார்த்து, இரண்டு விரலால் டோக்கனை நீட்டி, ‘சாமிக்கண்ணா? எப்படி இருக்க? பையன் என்னா படிக்கிறான்?’ என்று சிரித்தான். ‘ஐ.டி.ஐ.’ என்றார். ‘நல்லா படிக்க வைய்யி’ என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவன் காறித் துப்பியிருந்தால் சொல்லியிருப்பார்.

“ஏய், இந்தப் பக்கம் ஒரு தோளு! ஒரு தோளு குடுங்கப்பா!”

அம்மனை வைத்துத் தூக்கிய பலகையின் இடது பக்கக் கொம்பு சாய்ந்துகொண்டிருந்தது, தூக்கியவர்களில் ஒருவருக்கு மணலில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார், அம்மன் ஒரு பக்கமாகச் சரிய, கூட்டம் ‘ஐயோ’ என்றது. சாமிக்கண்ணு யோசிக்கவில்லை, அப்புறம் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் யோசனை என்று ஒன்று இல்லை, வசந்தாவின் கையை விட்டதும் தெரியாது, நான்கு எட்டில் போய்க் கொம்புக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டார். பாரம் எலும்பில் இறங்கியது. நெய், கற்பூரம், அரளி மாலை எல்லாம் கலந்த வாசனை தலைக்கு மேலே… தொட்டுவிட்டோமே, தீண்டிவிட்டோமே என்று உடம்பு பதறியது, இறக்கிவிட்டு ஓடலாம் என்றால் இறக்க முடியாது, இறக்கினால் அவள் விழுவாள். அப்போதுதான் முன்னால் கொம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கட்டை விரலும் சுண்டு விரலும்.

தோள் கேட்டுக் கத்தியது அவன்தான். குருசுக்குப்பத்துக்கு வீடு மாற்றிப் போனாலும் மாசிமகத்துக்கு மட்டும் பழைய தெரு அம்மனைத் தூக்க வந்துவிடுகிறான் போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை அவன், பின்னால் வந்தது யாரென்று அவனுக்குத் தெரியாது. நரைத்த பிடரி, வியர்வை, கொம்பில் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போன தோள். நூறு தப்படி இருக்கும் பந்தலுக்கு. சொல்லாமல் இந்த நூறு தப்படியும் நடந்துவிடலாமா? நடக்கலாம், இருபத்தோரு வருஷம் நடந்த கால்தானே… இல்லை, தலைக்கு மேல் அவளை வைத்துக்கொண்டு நடக்க முடியாது, வாய் தானாகத் திறந்தது.

“பக்கிரி… நான் சாமிக்கண்ணு.”

“அடடே! நீயா? தோளக் கெட்டியா குடு, மணலு வாருது.”

“பக்கிரி, அந்த மூடியத் தொறந்தது நான்தான்.”

“என்னா? பம்பையில ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லு!”

ஒரு தடவை சொல்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று, இரண்டாவது தடவையா? பூசாரி பக்கத்திலேயே வருகிறார், தெரு ஜனம் சுற்றி வருகிறது, வசந்தா எங்கேயோ பின்னால் நொண்டிக்கொண்டு… கத்தினார். வயிற்றிலிருந்து கத்தினார். “மில்லுல… மூடியத் தொறந்து போட்டுட்டுப் போனது நான்! நீ இல்ல! நீதான் தொறந்தன்னு பொய் சொல்லிக் கையெழுத்து போட்டேன்!”

பக்கிரியின் பிடரி அசையவில்லை. கால் மட்டும் நடந்தது, இருபது தப்படி, முப்பது தப்படி. பிறகு, “தோள மாத்து” என்றான். மாற்றினார்கள். பந்தலில் அம்மனை இறக்கி வைத்தார்கள், குலவை போட்டார்கள், தீர்த்தவாரிக்குக் குடங்களை எடுத்துக்கொண்டு பூசாரி அலைக்கு இறங்கினார், பக்கிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கரையில் கொட்டியிருந்த ஒரு கருங்கல்லின் மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்தான். சாமிக்கண்ணு போய் எதிரில் நின்றார். அடிப்பான் என்று எதிர்பார்த்தார், அடி வாங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

பக்கிரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “நானே தொறந்தேன்னுதான்டா நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான். “மொதல்ல ஞாபகம் வரல. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், நான் தொறந்தது ஞாபகத்துக்கு வரல. எல்லாரும் சொல்றாங்க, எழுதிக்கூட இருக்குதுன்றாங்க… அப்புறம் ஒரு நாள் வந்துடுச்சி. மூடியப் புடிச்சிக் கழட்டறாப்பல, செவுத்துல சாத்தறாப்பல, அப்படியே கண்ணுல வந்துடுச்சி. நான் செய்யாதத நானே பாத்தேன்டா. அஞ்சலாட்சிகிட்ட ஆமாண்டி, எம்மேலதான் தப்புன்னு சத்தியம் பண்ணிச் சொன்னேன்.” சிரிக்கிறானா, அழுகிறானா தெரியவில்லை. “அன்னியிலேர்ந்து அவ என்னை அடுப்பாண்ட உடறதில்ல. கத்தியத் தொட்டா, பாத்துன்றா. வெளக்கு ஏத்தப் போனா ஓடி வந்து தீப்பெட்டியப் புடுங்கிக்கிறா. திட்ட மாட்டா, ஒரு வார்த்த திட்ட மாட்டா. சின்னப் புள்ளையப் பாக்கறாப்பல பாக்கறா. நீ எங்கிட்ட வந்து சொல்லிட்ட. அவ கிட்ட யாரு சொல்றது?”

விரல்தான் போனது என்று நினைத்திருந்தாரே… விரலும் வேலையும் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் எடை போட்டு வைத்திருந்தாரே, ஒரு மனுஷனுடைய ஞாபகத்தையே எடுத்துக்கொண்டு வேறொரு ஞாபகத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று… கும்பிடலாம் என்று கையைத் தூக்கினார், பாதியில் நின்றுவிட்டது, காலில் விழலாம் என்று குனிந்தார். “எழுந்திரு, ஜனம் பாக்குது” என்றான் பக்கிரி, கோபமாகவும் இல்லை, கோபம் இல்லாமலும் இல்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டான்.

வசந்தா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக? கேட்டுவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது, பம்பைச் சத்தத்தைத் தாண்டிக் கத்தியதையே கேட்டிருப்பாள், தெருவே கேட்டிருக்கும். கையை நீட்டினாள். இரண்டு பேரும் இறங்கினார்கள், முழங்கால் ஆழம்தான், அலை வந்தபோது அவள் சாய்ந்து அவர் மேல் நின்றாள். “தீ மிதிச்ச அன்னிக்கு ராத்திரி, சேதி வந்தப்புறம், நீங்க சாப்புடல” என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே. “கால்ல கொப்புளமான்னு கேட்டேன். ரெண்டு காலையும் மடியில வெச்சிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. அப்பவே எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?” சொல்லியிருக்கலாம். ஆறு மணிக்கு நெருப்பில் நடந்தபோது பொய் என்று ஒன்று உலகத்திலேயே இல்லையே, மறதி மட்டும்தானே இருந்தது, பொய் மறுநாள் காலையில் அல்லவா பிறந்தது… அப்படியென்றால் கால் சுடாமல் விட்டது கேலிதானா? மறுநாள் காலையில் நேராக நடந்து போய் உண்மையைச் சொல்லத்தான் அந்தக் கால்களை அம்மன் முழுதாகக் கொடுத்தாளோ? நடக்காதது யார்? குளிர்ந்த தண்ணீரில் இரண்டு கால்களும் வெளுத்துத் தெரிந்தன. வசந்தா அவர் தலையைக் கையால் அழுத்தினாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல, ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது முழுக்கில் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது, இருமி இருமி, அந்த இருமலோடு அழுகையும் சேர்ந்து வந்ததை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி முந்தானையால் அவர் முதுகைத் துடைத்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா? இருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு வரலாம். வரட்டும், வர வேண்டிய கோபம்தான்.

கரையேறியபோது பக்கிரி நனைந்த வேட்டியை அவிழ்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியைப் பிழியப் பார்த்துக்கொண்டிருந்தான், வலது கையின் இரண்டு விரலுக்கு அது அடங்கவில்லை, நழுவி நழுவி மணலில் விழுந்தது. சாமிக்கண்ணைப் பார்த்தான். பிறகு ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினான். வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள், அவன் இடப்பக்கம், இவர் வலப்பக்கம், தண்ணீர் கயிறாக இறங்கியது, முறுக்க முறுக்க வேட்டி குறுகி இருவரையும் கிட்டே கொண்டுவந்தது, அவன் மூச்சு முகத்தில் படும் அளவுக்கு. மன்னித்துவிட்டானா? கேட்க முடியவில்லை, கேட்கிற கேள்வியா அது. “நாலு மணிக்கு வா” என்றான் பக்கிரி, வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. “குருசுக்குப்பம், ரேஷன் கடைக்குப் பின்னால மூணாவது ஊடு. அவ இருப்பா. நான் பக்கத்துலயே இருப்பேன், ஆனா நான் பேச மாட்டேன். நீதான் சொல்லணும்.”

“வரேன்.”

“வராம இருந்துடாத.”

“வரேன் பக்கிரி.”

கூட்டத்தில் அவன் போய் மறைந்தான். வசந்தாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமிக்கண்ணு ரோட்டை நோக்கி நடந்தார், இன்னும் மணி பதினொன்றுகூட ஆகவில்லை, நாலு மணிக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், சாப்பாடு இறங்குமா, அஞ்சலாட்சி கதவைத் திறந்ததும் வாங்கண்ணே என்பாள், அவள் அப்படிச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டுமா, உட்கார்ந்த பிறகா, தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமா, குடித்துவிட்டுச் சொன்னால் அது துரோகம் இல்லையா, ‘தங்கச்சி’ என்று ஆரம்பிக்கலாமா, அந்த வார்த்தைக்கு இனிமேல் உரிமை உண்டா… பயம் அப்படியேதான் இருந்தது, ஒரு மாற்று குறையவில்லை, கால்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன, மொத வார்த்த என்னான்னு சொல்றது, நீயே சொல்லு தாயே, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துக் குடுத்துடும்மா…

“என்னாங்க?” என்று வசந்தா நின்று திரும்பிப் பார்த்தாள். “என்கிட்டயா கேட்டீங்க?”

இல்லை, அவளிடம் கேட்கவில்லை. வாய்விட்டா கேட்டோம் என்று சாமிக்கண்ணு திகைத்துப்போய், வெயிலில், நடு ரோட்டில் நின்றார்.